விழாதவள்

பேர்னு நகரத்தில் ஜூலை மாதம்
இரவு பத்தரைக்கும் வெளிச்சம் போகாது.
அந்த வெளிச்சத்தில்தான் மனு வந்தது.
ஓர் உறை, உள்ளே நூறு யூரோ,
லிதுவேனியப் பயிற்சியாளரின் அவசரக் கையெழுத்து:
இடித்தார்கள், விழுந்தாள்,
இறுதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேல்முறையீட்டுக் குழுவில் நாங்கள் மூவர்.
பின்லாந்தின் யோர்மா, ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர்.
போலந்தின் போகுமிலா, பல் மருத்துவர்.
நான் ஹில்லே, மற்ற நாட்களில்
மருந்துக்கடையில் மில்லிகிராம் எண்ணுகிறவள்.

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்.
ஆயிரத்தைந்நூறு மீட்டர், அரையிறுதி,
கடைசிச் சுற்றுக்கு மணி அடித்து எண்பதாவது மீட்டர்.
நார்வேக்காரியின் முழங்கை வெளியே வருகிறது.
உக்னேயின் கால் இன்னொரு காலில் போய்ச் சிக்குகிறது.
அடுத்த சட்டகத்தில் அவள் கை தரையில்.
அதற்கடுத்ததில் கன்னம்.
எழுந்து ஓடினாள். காலுறைவரை ரத்தம்.
பன்னிரண்டாவதாக வந்தாள்.

"விழும்போது எத்தனையாவது?" என்றார் யோர்மா.
எண்ணினேன். ஒன்பது.
ஆறு பேருக்குத்தான் வழி.
"இன்னும் முந்நூற்றிருபது மீட்டர் இருந்ததே" என்றாள் போகுமிலா.
"ஒன்பதாவது ஆள் ஆறாவதாக மாட்டாள் என்று
எந்தக் கடிகாரம் சொல்லும்?"

எந்தக் கடிகாரமும் சொல்லாது.
ஓடாத ஓட்டத்துக்கு நேரம் குறிக்க
எங்களிடம் கருவி இல்லை.
மூன்று கைகள் உயர்ந்தன.
நூறு யூரோவைத் திருப்பிக் கொடுத்தோம்.

படத்தை யாரும் அணைக்கவில்லை.
விழுந்த உடலுக்குப் பின்னால் ஒருத்தி,
மதாரா, லாத்வியா, எண் நாற்பத்தொன்று.
ஒரு கால் அந்தரத்தில்,
இறக்க இடமில்லை,
தண்ணீரில் தத்தளிப்பவள்போல் கைகளை வீசி
பக்கவாட்டில் மூன்று தப்படி.
விழவில்லை.
விழாமலிருக்க அவள் செலவழித்தது
ஒரு வினாடி இருக்கலாம்.
ஏழாவதாக வந்தாள்.
ஆறாமவளுக்கும் அவளுக்கும் நடுவே
வினாடியில் நூற்றில் ஏழு பங்கு.

அவளுடைய பயிற்சியாளர் உறையில்லாமல் வந்தார்.
வாசலில் நின்றே கேட்டார், "இவளுக்கு?"
"தடுமாறுவதும் பந்தயத்தில் சேர்த்திதான்" என்றேன்.
மனப்பாடம் செய்துவைத்ததுபோல் வந்தது.
அவர் படியிறங்கும் சத்தம்
வெகுநேரம் கேட்டது. படிகள் ஆறேழுதான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்.
சறுக்கியும் நின்றுவிட்ட யானையைப் பற்றி
ஒருவரும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

விடுதித் திரைச்சீலையை மீறி வெளிச்சம் வந்தது.
அவளும் விழுந்திருந்தால்?
உடம்பை அப்படியே போட்டிருந்தால்,
உள்ளங்கைத் தோல் கொஞ்சம் உரிந்திருந்தால்,
இறுதியில் பதினான்கு பேர்.
இடுப்பின் வலுவும் கணுக்காலின் புத்தியும்
அவளுக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டன.
சரி, உக்னேயை வெளியே நிறுத்தியிருந்தால்
மதாராவுக்கு என்ன கிடைத்திருக்கும்?
ஒன்றுமில்லை.
அதுவும் தெரிந்ததால்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பதின்மூன்று பேர்.
பன்னிரண்டு பேருக்கு அளந்த வளைகோட்டில்
தோளோடு தோள் இடித்தது.
தொடக்கப் பட்டியலில் உக்னேயின் பெயருக்கருகே
சின்னதாக ஓர் எழுத்து,
குழுவின் முடிவால் வந்தவள் என்று.
எட்டாவதாக முடித்தாள்.
அது எதையும் நிரூபிக்கவில்லை
என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மதாரா கிழக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து
சந்தையில் வாங்கிய பச்சைப் பட்டாணியை
உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.
தோலை மடியில் சேர்த்துவைத்தாள்,
கீழே ஒன்றுகூடப் போடவில்லை.

மணி அடித்தது.
கூட்டம் வளைவுக்குள் திரும்பியது.
எண்பதாவது மீட்டரில் எல்லோரும் ஓட்டத்தைப் பார்க்க
நான் அவளைப் பார்த்தேன்.
யாரும் விழவில்லை.
அவளுடைய இடது கால் மட்டும்
படியிலிருந்து கொஞ்சம் உயர்ந்து
எதையோ தாண்டி
இறங்கியது.